கேபிள் வேண்டாம், ஒரு செயலி போதும்: நெதர்லாந்தில் டச்சு டிவி பார்க்க வழிகாட்டி

நெதர்லாந்துக்கு வந்திறங்கி, வாடகைக்கு வீடு பிடித்து, நகராட்சியில் பதிவு செய்து, வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று என்றால் அடுத்த வேலை இன்டர்நெட் இணைப்பு. விற்பவர்கள் பெரும்பாலும் டிவியையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் காட்டுவார்கள். உடனே தலையாட்டிவிடாதீர்கள். இன்டர்நெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, டச்சு டிவிக்கு என்எல்ஸீட் என்ற செயலியை வைத்துக்கொண்டாலே சாதாரணக் குடும்பத்துக்குப் போதும், அதுவும் தேவைப்படும் மாதங்களுக்கு மட்டும். எப்படி எடுப்பது, எதைப் பார்ப்பது, எங்கே மக்கர் பண்ணும் என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். "எனக்கு டச்சே தெரியாது, எனக்கெதற்கு டச்சு டிவி" என்று கேட்பவர்கள்தான் முக்கியமாக இதைப் படிக்க வேண்டும்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாட்டின் மூன்று பெரிய ஒளிபரப்புத் தரப்புகள் கூட்டாகத் தொடங்கிய சேவை என்எல்ஸீட்: பொது ஒளிபரப்பான என்பிஓ, தனியார் பக்கத்தில் ஆர்டிஎல், எஸ்பிஎஸ். நெட்ஃபிளிக்ஸ் 2013 செப்டம்பரில் நெதர்லாந்துக்குள் நுழைந்தது, அடுத்த வருடமே இது வந்துவிட்டது. தினமும் இரவு எட்டு மணிக்கு ஒருவர் பார்வையாளரை இன்னொருவர் இழுக்கப் பார்க்கும் மூன்று போட்டியாளர்கள் ஒரே கூரைக்குள் வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கைகள் மாறின. எஸ்பிஎஸ்ஸை 2017இல் ஜான் டி மோலின் தால்பா நிறுவனம் முழுதாக வாங்கியது (பிக் பிரதரை உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான், நம்ம ஊர் பிக் பாஸின் வேர் இந்நாட்டின் டிவி நகரமான ஹில்வர்சம் பக்கம்தான் இருக்கிறது). ஆர்டிஎல்லும் தால்பாவும் ஒன்றாக இணையப் போட்ட திட்டத்தைப் போட்டி ஆணையம் 2023 தொடக்கத்தில் மறுத்துவிட்டது, அப்புறம் 2025இல் ஆர்டிஎல் நெதர்லாந்தை டிபிஜி மீடியா என்ற பெல்ஜிய ஊடக நிறுவனம் வாங்கியது. இதனால் பார்க்கிற நமக்கு என்ன என்றால், ஒரே சந்தாவில் என்பிஓ 1, 2, 3, ஆர்டிஎல் 4, 5, 7, 8, அப்புறம் எஸ்பிஎஸ் 6, நெட் 5, வெரோனிகா எல்லாம் நேரலையாகவும் வரும், போன வாரம் தவறவிட்டதையும் பார்க்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன்

இலவசமாகக் கிடைப்பதைப் பார்க்காமல் யாரும் பணம் கட்ட வேண்டாம். என்பிஓவுக்கு என்பிஓ ஸ்டார்ட் என்று சொந்தச் செயலி இருக்கிறது. மூன்று பொது சேனல்களின் நேரலை, செய்திகள், அண்மை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை எல்லாம் அதில் காசில்லாமல் ஓடும். கூடுதலாகச் சில பழைய தொடர்களுக்கு மட்டும் அவர்களே தனியாக ஒரு சிறு சந்தா வைத்திருக்கிறார்கள். தால்பாவின் சேனல்களுக்கு கெய்க் என்று ஒன்று, விளம்பரத்தோடு, இலவசம். ஆர்டிஎல் கதை வேறு, அவர்களுடைய பெரும்பாலான சரக்கு வீடியோலேண்ட் என்ற அவர்களது கட்டணச் சேவைக்குள் போய்விட்டது.

இன்னொரு வழியும் உண்டு, புதிதாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. சாதாரண ஆன்டெனா ஒன்றை ஜன்னலோரம் வைத்தால் என்பிஓ 1, 2, 3, உங்கள் மாகாணத்தின் வட்டாரச் சேனல் எல்லாம் காற்றிலேயே இலவசமாக வரும், சந்தா வேண்டாம், இன்டர்நெட்டே வேண்டாம். டிவி மட்டும் புதிய தலைமுறை அலைவரிசையைப் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2019-2020இல் இங்கே டிவிபி-டி2 முறைக்கு மாறினார்கள், அதற்குப் பிறகு இங்கே வாங்கிய டிவி என்றால் அநேகமாகச் சரியாக இருக்கும், செகண்ட்ஹேண்ட் சந்தையில் எடுத்த பழைய பெட்டி என்றால் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லண்டனிலிருந்து மாறி வந்தவர்கள் டிவி லைசன்ஸ் எங்கே கட்டுவது என்று கேட்பார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது, 2000ஆம் ஆண்டோடு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், பொது ஒளிபரப்புக்கு வரிப்பணமும் விளம்பரமும்தான்.

என் கணக்கு இதுதான். வீட்டில் பார்ப்பது செய்தியும், குழந்தைகள் நிகழ்ச்சியும், கால்பந்து உலகக் கோப்பை வரும்போது ஆரஞ்சு அணியின் (நெதர்லாந்து தேசிய அணி) ஆட்டமும் மட்டும் என்றால் என்பிஓ ஸ்டார்டே போதும், என்எல்ஸீட் எடுக்காதீர்கள். ஆர்டிஎல் சீரியலும் வேண்டும், எஸ்பிஎஸ்ஸும் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு செயலியாகத் தாவிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ரிமோட்டில் சேனல் மாற்றுவது மாதிரி ஒன்று வேண்டும் என்றால் எடுங்கள். இதில் கிடைக்காதது எது என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது: வீடியோலேண்ட் தனக்கென்று எடுக்கும் தொடர்களை இங்கே தேட வேண்டாம். ஃபார்முலா 1 கார் பந்தயங்கள் 2022 முதல் வியாப்ளே என்ற வேறொரு கட்டணச் சேவையிடம். டச்சுப் பந்தய வீரர் வெர்ஸ்டாப்பனுக்காக மட்டும் டச்சு டிவி வாங்குகிறேன் என்பவர் தவறான கடைக்கு வந்திருக்கிறார்.

கணக்கு திறப்பது

லேப்டாப்பிலோ போனிலோ பிரவுசரைத் திறந்து செய்யுங்கள், டிவி ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக மின்னஞ்சல் முகவரி அடிக்கும் கொடுமை வேண்டாம். மின்னஞ்சல், கடவுச்சொல், திட்டம், பணம், அவ்வளவுதான். பிஎஸ்என் எண் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்), டிஜிடி (அரசுத் தளங்களுக்கான உள்நுழைவு) எதுவும் தேவையில்லை, யாராவது டிவி சந்தாவுக்கு அதையெல்லாம் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வெளியே வாருங்கள். திட்டங்களும் விலையும் அடிக்கடி மாறுவதால் நான் எண் எதுவும் போடவில்லை. தளத்தில் பார்க்கும்போது மூன்று விஷயத்தை மட்டும் ஒப்பிடுங்கள்: சேனல் பட்டியல் எவ்வளவு நீளம், ஒரே நேரத்தில் எத்தனை திரையில் ஓடும், புதியவர்களுக்கு இலவசச் சோதனைக் காலமோ குறைந்த விலையோ இருக்கிறதா. விலை கூடிய திட்டத்தில் கூடுதலாகக் கிடைக்கும் சேனல்களின் பெயரைப் படித்துப் பார்த்தாலே அது உங்களுக்குத் தேவையா இல்லையா என்று தெரிந்துவிடும், எனக்குத் தெரிந்த பல வீடுகளில் தேவைப்படவில்லை.

பணம் கட்ட ஐடீல், இங்குள்ள வங்கிகள் வழியான ஆன்லைன் கட்டண முறை. உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் போனில் வங்கிச் செயலி திறக்கும், அங்கே ஒப்புக்கொண்டால் முடிந்தது. ஐடீல் இப்போது வேரோ என்ற ஐரோப்பியப் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறது, இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் போலித் தளம் என்று பயப்பட வேண்டாம். இங்கே மாதச் சந்தாக்களில் முதல் கட்டணத்தை ஐடீலில் கட்டும்போதே, அடுத்த மாதங்களுக்குக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதியும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வழக்கம். கீழே சின்ன எழுத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கும், அதைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

டிவியில் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமில்லை. சாம்சங், எல்ஜி, ஆண்ட்ராய்டு டிவி, ஆப்பிள் டிவி இவற்றின் செயலிக் கடையில் பெயரைத் தேடி நிறுவுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த டிவி என்றால் கடையின் நாடு இந்தியாவாகவே இருக்கும், செயலி கண்ணிலேயே படாது, செட்டிங்ஸில் நாட்டை நெதர்லாந்து என்று மாற்றிவிட்டுத் தேடினால் வந்துவிடும். நிறுவிய பின் திரையில் குறியீடு தோன்றினால் போனில் அதை அடித்தால் போதும். டிவி ரொம்பப் பழையது என்றால் க்ரோம்காஸ்ட் மாதிரி ஒன்றைச் செருகிக்கொள்வதுதான் சுலபம்.

படம் நின்று நின்று வருகிறது என்று புகார் சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் குற்றம் செயலியில் இருக்காது. டச்சு வீடுகளைக் கவனித்திருப்பீர்கள்: வாசல் கதவைத் திறந்ததும் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய அலமாரி, அதற்குள் மின்சார மீட்டர், கேஸ் மீட்டர், தண்ணீர்க் குழாய், அதன் நடுவில் ரூட்டர். கதவை மூடிவிட்டால் அலை வெளியே வரவே திணறும், அதற்கு மேல் கான்கிரீட் தளம், அதற்கும் மேல் மூன்றாவது மாடியில் கூரைக்குக் கீழே நீங்கள் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பீர்கள். டிவி வரவேற்பறையில் என்றால் அலமாரியிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளைச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். மாடியில் என்றால் இணைப்புக் கொடுத்த நிறுவனத்திடமே கூடுதல் வைஃபை கருவி கேளுங்கள், சில திட்டங்களில் தனிக்காசு இல்லாமலே தருவார்கள்.

எதைப் பார்ப்பது

இதுதான் முக்கியமான பகுதி. வந்த புதிதில் எல்லோரும் நேராக எட்டு மணிச் செய்தியைப் போட்டுவிட்டு, ஒன்றும் புரியாமல் அணைத்துவிட்டு, மறுபடி சன் டிவிக்கே போய்விடுகிறார்கள். எட்டு மணிச் செய்தி கடைசியாக ஏற வேண்டிய படி.

முதலில் நோஸ் யூக்ட்ஜூர்னால் போடுங்கள் (நோஸ் என்பது பொது ஒளிபரப்பில் செய்தி தருபவர்கள்). ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான செய்தி, 1981லிருந்து நடக்கிறது. உக்ரைன் போர், வீட்டு வாடகை, தேர்தல் எல்லாம் அதிலும் வரும், ஆனால் "நாடாளுமன்றத்தின் கீழவை என்றால் என்ன" என்று நிறுத்தி விளக்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். பெரியவர்கள் பிள்ளைகள் செய்தி பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, குடியேற்றத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்தச் சமூகம் எப்படி இயங்குகிறது என்ற தாளுக்கும் இது சேர்ந்து உதவும். நோஸ்ஸிலேயே எளிய மொழியில் ஒரு செய்தித் தொகுப்பும் இருக்கிறது, மெதுவாகப் பேசுவார்கள், சொற்களைப் பார்த்துப் போடுவார்கள்.

அடுத்தது ஹெட் க்ளோக்ஹௌஸ். 1988லிருந்து வரும் பிள்ளைகள் நிகழ்ச்சி, ஒரு பகுதி கால் மணி நேரம்தான். ஒரு நாள் பாலம் எப்படிக் கட்டுகிறார்கள், இன்னொரு நாள் மூளை எப்படி வேலை செய்கிறது. கண்ணால் பார்ப்பதையே வாயால் சொல்வதால் பாதி வார்த்தை தெரியாவிட்டாலும் புரிந்துவிடும். முதல் தடவை சப்டைட்டிலோடு, இரண்டாம் தடவை சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். வெறுமனே ஓடவிட்டால் காதில் விழுவதெல்லாம் இரைச்சல்தான், ஒரே பகுதியைத் திரும்பப் போடும்போதுதான் எங்கே ஒரு வார்த்தை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது பிடிபடும்.

சப்டைட்டில் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு டச்சு வரி தானாகவே கீழே ஓடும், இந்த நாட்டில் சின்னக் குழந்தைகள் கார்ட்டூனைத் தவிர மற்றதற்கு டப்பிங் செய்வதில்லை (இவர்கள் ஆங்கிலம் இவ்வளவு நன்றாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்). டச்சு நிகழ்ச்சிக்கு டச்சிலேயே வரி வேண்டும் என்றால் நீங்கள்தான் போட வேண்டும். காது கேளாதவர்களுக்காக டெலிடெக்ஸ்ட் 888ஆம் பக்கத்தில் தொடங்கியது அது, இன்னமும் அந்த 888 என்ற எண்ணாலேயே பலர் சொல்கிறார்கள். பிளேயரில் பேச்சுக் குமிழி போல ஒரு குறி இருக்கும், அதை அழுத்திப் பாருங்கள். சட்டப்படி பொது ஒளிபரப்பு தன் டச்சு நிகழ்ச்சிகளில் 95 சதவீதத்துக்கு இந்த வரி கொடுக்க வேண்டும், தனியார் சேனல்களுக்குப் பாதி கொடுத்தால் போதும். அதனால்தான் மொழி கற்க என்று வந்தால் என்பிஓ பக்கமே அதிகம் நில்லுங்கள் என்று சொல்கிறேன்.

என்பிஓ நிகழ்ச்சிகளின் மூலையில் சேனல் பெயரோடு இன்னொரு சின்னமும் தெரியும்: மேக்ஸ், விபிஆர்ஓ, இஓ, கேஆர்ஓ-என்சிஆர்வி, பிஎன்என்வாரா, ஆவ்ரோட்ரோஸ். இவை உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், சோஷலிஸ்டுகள், தாராளவாதிகள் என்று ஒவ்வொரு பிரிவும் தனித் தனிப் பள்ளி, தனிச் செய்தித்தாள், தனி வானொலி என்று வாழ்ந்த காலத்தின் மிச்சம் இது. பல சங்கங்கள் 2014 வாக்கில் ஜோடி ஜோடியாக இணைந்ததால்தான் பெயர்கள் இப்படி ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கின்றன. இது வெறும் பொது அறிவு இல்லை, நிகழ்ச்சி தேர்ந்தெடுக்க உதவும். ஆழமான ஆவணப்படம் வேண்டும் என்றால் விபிஆர்ஓ, வீட்டில் அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், சத்தமில்லாமல் நிதானமாக ஒன்று வேண்டும் என்றால் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே இருக்கும் மேக்ஸ். கேக் போட்டி நடத்தும் ஹெல் ஹாலண்ட் பாக்ட் அவர்களுடையதுதான், மொழி தெரியாத மாமியாரும் ரசிக்கும் நிகழ்ச்சி.

ஆபீஸில் மதிய உணவு மேசையில் எல்லோரும் சேர்ந்து எதையோ பேசிச் சிரிக்க, நாம் மட்டும் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வர வேண்டாம் என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று வீ இஸ் டே மோல், 1999லிருந்து வருகிறது, வழக்கமாகக் குளிர்காலச் சனிக்கிழமைகளில். குழுவில் ஒருவர் மட்டும் வேண்டுமென்றே காரியத்தைக் கெடுப்பவர், அவர் யார் என்று நாடே ஊகிக்கும், திங்கட்கிழமை சக ஊழியர்கள் அதற்கென்று அட்டவணையே போட்டு வைத்திருப்பார்கள். இன்னொன்று பூர் ஸூக்ட் ஃப்ராவ், விவசாயிகளுக்குப் பெண் தேடும் நிகழ்ச்சி. கேட்க அபத்தமாக இருக்கும், ஆனால் ஒரு மாட்டுப் பண்ணையில் காலை எப்படி விடிகிறது, முதல் தடவை வீட்டுக்கு வந்த பெண்ணிடம் டச்சுக்காரர் எப்படிக் கூச்சப்படுகிறார் என்று வேறெங்கும் பார்க்க முடியாது. கிழக்கு மாகாணத்து விவசாயி பேசினால் சில சமயம் டச்சுக்காரர்களுக்கே கீழே வரி போட்டுக் காட்டுவார்கள். உங்களுக்குப் புரியவில்லை என்றால் அது உங்கள் குறையில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது கோரிங்ஸ்டீன்ஸ்ட் ஃபான் வார்டே. சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, இது உண்மையில் என்ன, எங்கிருந்து வருகிறது என்று கம்பெனிகளுக்கு விடாமல் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் மழுப்ப மழுப்ப இவர்கள் அப்பாவித்தனமாக அடுத்த கேள்வி கேட்பார்கள். இந்தக் குழுவிலிருந்த டன் ஃபான் டி கோகன் கோகோத் தோட்டங்களின் அடிமை வேலையைத் துருவிய கதையிலிருந்துதான் 2005இல் டோனிஸ் சாக்லேட் பிறந்தது. கடையில் கண்ணைப் பறிக்கும் வண்ணக் காகிதத்தில், துண்டுகள் கோணல்மாணலாக இருக்குமே, அதுதான். மொழிக்கும் இது நல்லது, ஏனென்றால் முழுக்கத் தொலைபேசி உரையாடல், அதே மரியாதை வாக்கியங்களை நாளைக்கு நீங்களே உங்கள் காப்பீட்டுக்காரரிடம் பேச வேண்டியிருக்கும்.

மெகா சீரியல் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆர்டிஎல் 4இன் கூடே டைடன் ஸ்லெக்டே டைடன். 1990 அக்டோபரில் தொடங்கி இன்னும் முடியவில்லை. ஆஸ்திரேலியத் தொடர் ஒன்றின் கதையை வாங்கித் தொடங்கினார்கள், அந்தக் கதை தீர்ந்து பல காலம் ஆகிவிட்டது, இவர்கள் ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு முன் யாராவது ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள், நம்ம ஊர் வெள்ளிக்கிழமை எபிசோடு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எல்லோரும் அன்றாட மொழியில் சண்டை போடுவதால் பாடப் புத்தகத்தில் இல்லாத டச்சு நிறையக் கிடைக்கும். எஸ்பிஎஸ் 6இல் இரவு நேர அரட்டை நிகழ்ச்சி ஃபன்டாக் இன்சைடை மட்டும் தொடக்கத்தில் தொடாதீர்கள், மூன்று ஆண்கள் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசுவார்கள், உள்ளூர் அரசியலும் கால்பந்தும் தெரியாமல் நகைச்சுவை புரியாது.

குழந்தைகள் இருந்தால்

நிகழ்ச்சி தொடங்கும்போது திரையில் வரும் சின்னச் சின்னக் குறிகளைக் கவனியுங்கள். கெய்க்வெய்ஸர் என்ற முறை, 2001லிருந்து நடைமுறையில் இருக்கிறது. எல்லோருக்கும், 6, 9, 12, 14, 16, 18 என்று வயது, அதன் பக்கத்தில் காரணம்: முஷ்டி என்றால் வன்முறை, சிலந்தி என்றால் பயம். வயதைவிட அந்தச் சிலந்தியைத்தான் நான் அதிகம் பார்ப்பேன், சில பிள்ளைகள் சண்டைக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டு இருட்டு அறைக் காட்சிக்கு இரவெல்லாம் தூங்க மாட்டார்கள்.

நவம்பர் வந்தால் சின்டர்க்ளாஸ் ஜூர்னாலைத் தவறவிடாதீர்கள் (சின்டர்க்ளாஸ் என்பவர் டிசம்பரில் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தாடித் தாத்தா), பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இது கிட்டத்தட்ட வீட்டுப்பாடம். 2001லிருந்து வருகிறது, இப்போது நடத்துவது என்டிஆர் என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம். சின்டர்க்ளாஸ் கப்பலில் கிளம்பியதிலிருந்து டிசம்பர் 5 மாலை வரை செய்தி வாசிப்பது மாதிரியே தினமும் ஒரு பகுதி, பரிசுகளைக் காணோம், கப்பல் வழி தவறிவிட்டது என்று தினம் ஒரு சிக்கல். வகுப்பில் காலையில் ஆசிரியர் அதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். முந்தின நாள் பார்க்காத பிள்ளை திருதிருவென்று விழிக்கும். பரிசுக்காக இரவில் எப்போது காலணி வைக்கலாம் என்பதுகூட அதில் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆறு மணிக்கு நீங்கள் ரயிலில் இருந்தால் பரவாயில்லை, வீட்டுக்கு வந்து முதலிலிருந்து போட்டுக் காட்டலாம், பின்னோக்கிப் பார்க்கும் வசதியின் அருமை தெரிவது இந்த மாதிரி நாட்களில்தான்.

வேலை செய்யாதபோது

"உங்கள் இருப்பிடத்தில் கிடைக்காது" என்று வந்தால் முதலில் விபிஎன் ஓடுகிறதா பாருங்கள். ஐன்ட்ஹோவனிலோ ஆம்ஸ்தல்வேனிலோ உட்கார்ந்திருந்தாலும் கம்பெனி லேப்டாப் உங்களை ஃபிராங்க்ஃபர்ட்டிலோ பெங்களூரிலோ இருப்பதாகத்தான் உலகத்துக்குக் காட்டும். ஆபீஸ் லேப்டாப்பில் பார்ப்பதை விட்டுவிடுங்கள், சொந்த டேப்லெட்டில் பாருங்கள். தமிழ்ச் சேனல்களுக்காக வீட்டு ரூட்டரிலேயே விபிஎன் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே பிரச்சினை வரும், டிவியை அதிலிருந்து விலக்கி வையுங்கள்.

விடுமுறைக்கு பாரிஸோ ரோமோ போனால் செயலி ஓட வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, காசு கட்டிய சந்தாவைத் தற்காலிகமாக வேறு உறுப்பு நாட்டுக்குப் போகும்போதும் பயன்படுத்த விட வேண்டும். இலவசச் சேவைகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அது அவர்கள் விருப்பம். சட்டம் ஒன்றியத்துக்குள் மட்டும்தான் என்பதையும் மறக்காதீர்கள்: லண்டன் சித்தப்பா வீட்டிலும் சூரிச் நண்பர் வீட்டிலும் அந்த உரிமை செல்லாது, சென்னைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். ஊருக்கு ஒன்றரை மாதம் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் சந்தாவை நிறுத்திவிட்டுப் போவதுதான் லாபம்.

கால்பந்து நேரலையில் ஒன்று சொல்ல வேண்டும், இதற்குத் தீர்வு இல்லை. இன்டர்நெட் வழியாக வரும் படம் கேபிளைவிடப் பல நொடிகள் பின்னால் ஓடும். ஆரஞ்சு அணி ஆடும் அன்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால், உங்கள் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் இருக்கும்போதே கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்கும். ஜன்னலை மூடுங்கள், வாட்ஸ்ஆப் குழுவை அமைதியாக்குங்கள். இல்லையென்றால் ஆன்டெனாவில் என்பிஓ 1 போடுங்கள், அது இதைவிட முன்னால் வரும்.

நிறுத்துவது

மாதா மாதம் நிறுத்திக்கொள்ளலாம், வருட ஒப்பந்தம் எல்லாம் இல்லை. டிவி செயலியில் தேடாமல், பிரவுசரில் உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய் சந்தா பகுதியில் ரத்து என்பதை அழுத்துங்கள். இடையில் "நிச்சயமாகவா", "இந்தச் சலுகை வேண்டாமா" என்று இன்னும் ஒன்றிரண்டு பக்கம் வரலாம், கடைசிப் பக்கம் வரை போய் உறுதி செய்தால்தான் ரத்து ஆகும். டிவியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் போய்விடும் என்று நினைத்து மாதக்கணக்கில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். சோதனைக் காலத்தில் சேர்ந்தவர்கள் அது முடியும் தேதியைச் சேர்ந்த அன்றைக்கே போன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

ரத்து உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பார்த்து, அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சந்தாவாக இருந்தாலும், நிறுத்திய பிறகும் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்திருந்தால் எட்டு வாரத்துக்குள் உங்கள் வங்கிச் செயலியிலேயே அந்த வரியைத் தொட்டுத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், காரணம்கூட எழுத வேண்டியதில்லை. ஆனால் நிறுத்தாமலேயே பணத்தை மட்டும் திருப்பி எடுத்தால் பாக்கி என்று கடிதம் வரும், அப்புறம் வசூல் கட்டணமும் சேரும். அதனால் முதலில் ரத்து, பிறகு அந்த மின்னஞ்சல், அதற்கப்புறம்தான் வங்கி.